ஸ்கேன் பண்ணி ஏத்தியாச்சு சரி, அதுல இருக்கற பேர் எந்த ஆளு, எந்த ஊருன்னு எப்படி சொல்றது?

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை மர்ஃபி டவுன்ல இருந்து ஒரு அக்கா பெங்களூர்ல இருக்கற எங்க லைப்ரரிக்கு வந்தாங்க. அவங்க தாத்தா அல்சூர்ல நாடகம் போட்டவராம், அந்த நோட்டீஸ் ஏதாவது இருக்குமான்னு கேட்டாங்க. எங்ககிட்ட நாலு அலமாரி நிறைய பழைய நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, சங்க மலர், குரூப் போட்டோ, கோலார் தங்கவயல்ல இருந்து வந்த லெட்டர்னு எல்லாம் இருக்கு, எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி சைட்ல ஏத்தியும் வச்சிருந்தோம், அதனால நம்பிக்கையா சர்ச் பாக்ஸ்ல அல்சூர்னு அடிச்சேன், ஒண்ணுமே வரல. அவங்க முகம் வாடிப்போய் கெளம்பிட்டாங்க. ரெண்டு வாரம் கழிச்சு வேற எதையோ தேடும்போது அந்த நோட்டீஸ் கண்ணுல பட்டுச்சு. ஒண்ணு இல்ல, மூணு. கேட்லாக்ல ஊர் பேரு ஒண்ணுல ஹலசூர், ஒண்ணுல அலசூர், இன்னொண்ணுல உல்சூர் பெங்களூர் தண்டு (தண்டுன்னா கண்டோன்மெண்ட், பட்டாளம் இருந்த பகுதி). மூணுமே நோட்டீஸ்ல அச்சாகி இருந்தபடிதான் டைப் பண்ணி இருந்தோம், யாரும் தப்பு பண்ணல, ஆனா அந்த அக்கா வெறுங்கையோட போனாங்க.

ஸ்கேன் பண்றது பாதி வேலைகூட இல்லைன்னு அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது. அல்சூரும் ஹலசூரும் ஒரே ஊருன்னு நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லல. அத சொல்றதுக்கு இருக்கற வழிதான் லிங்க்டு ஓப்பன் டேட்டா. பெரிய யுனிவர்சிட்டி லைப்ரரிதான் இத செய்ய முடியும்னு நினைக்காதீங்க, ஒரு சாதா லேப்டாப், நெட், நிறைய பொறுமை, இது போதும். ஒன்றரை வருஷமா நாங்க செஞ்சதுல எது வேலைக்கு ஆச்சு, எது ஆகலைன்னு இங்க எழுதறேன், உங்க கலெக்ஷனுக்கு ஏத்த மாதிரி மாத்திக்குங்க.

மொதல்ல விஷயம் என்னன்னு சுருக்கமா. ஒரு தெருவுல நாலு முருகேசன் இருந்தா நாம டெய்லர் முருகேசன், ரேஷன்கடை முருகேசன்னு சொல்லி பிரிச்சுக்குவோம் இல்லையா, அதையே உலகம் முழுக்க செய்யறதுக்கு ஆளுக்கு ஒரு நம்பர் குடுத்துட்டாங்க. விக்கிபீடியாவோட கூடப் பொறந்த தகவல் சைட்டான விக்கிடேட்டால பெங்களூருக்கு நம்பர் கியூ1355. நீங்க பெங்களூர்னு எழுதுங்க, பெங்களூருன்னு எழுதுங்க, கன்னடத்துல எழுதுங்க, நம்பர் ஒண்ணுதான். தமிழ் மொழிக்கு கியூ5885. அந்த நம்பர் சும்மா நம்பர் இல்ல, நெட்ல ஒரு முகவரி, அங்க போனா அந்த விஷயத்தப் பத்தின தகவல் கிடைக்கும், அங்கேருந்து இன்னொரு விஷயத்துக்கு வழி இருக்கும். 2006ல டிம் பெர்னர்ஸ் லீ இதுக்கு நாலு விதி எழுதினாரு, சாரம் இவ்வளவுதான்: ஒவ்வொண்ணுக்கும் ஒரு முகவரி குடு, அது நெட்ல தொறக்கணும், தொறந்தா உருப்படியான தகவல் இருக்கணும், அங்கேருந்து மத்ததுக்கு இணைப்பு இருக்கணும்.

தகவல எழுதற முறையும் நமக்குப் பழக்கமானதுதான், பள்ளிக்கூடத்துல படிச்ச எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் மாதிரி மூணு துண்டு. இந்த நோட்டீஸ், அச்சான இடம், பெங்களூரு. இந்தப் புத்தகம், எழுதினவர், இன்னார். இப்படி மூணு மூணா கோத்துக்கிட்டே போனா அது ஒரு பெரிய வலையாயிடும். டெக்னிக்கலா இதுக்கு ஆர்.டி.எஃப்.னு பேரு, இப்போதைக்கு அந்தப் பேர் தெரிஞ்சா போதும்.

எந்த வலையோட சேர்றதுன்னு கேட்டா, விக்கிடேட்டால ஆரம்பிங்கன்னுதான் சொல்வேன். 2012 அக்டோபர்ல ஆரம்பிச்சது, இப்ப பத்து கோடிக்கு மேல பதிவு இருக்கு, தமிழ்ல பேர் போடலாம், யார் வேணா திருத்தலாம், டேட்டா மொத்தமும் சி.சி. ஜீரோ, அதாவது எடுத்துப் பயன்படுத்த யார்கிட்டயும் கேக்க வேண்டாம். இதத் தவிர லைப்ரரி ஆளுங்களுக்குன்னே வயாஃப்னு பல நாட்டு லைப்ரரிங்களோட பேர் பட்டியல ஒண்ணா கோத்தது இருக்கு, லைப்ரரி ஆஃப் காங்கிரஸோட பேர் பட்டியல் இருக்கு, ஊருங்களுக்கு ஜியோநேம்ஸ் இருக்கு, எல்லாம் நல்லதுதான். ஆனா விக்கிடேட்டா பதிவுலயே வயாஃப் நம்பர், காங்கிரஸ் நம்பர், ஜியோநேம்ஸ் நம்பர் மூணும் பெரும்பாலும் போட்டிருப்பாங்க, ஒரு இடத்துல கோத்தா மத்தது தானா வந்துடும்.

ஷீட்ல கைய வைக்கறதுக்கு முன்னாடி

உங்க கேட்லாக் எக்செல்ல இருக்கோ, கோஹா, ஒமேகா மாதிரி கேட்லாக் சாஃப்ட்வேர்ல இருக்கோ, மொதல்ல அத ஒரு சி.எஸ்.வி. ஃபைலா, அதாவது கமா போட்டுப் பிரிச்ச சாதா அட்டவணையா எறக்கிக்குங்க. அதுல பேர், ஊர், தேதி இருக்கற ஒவ்வொரு காலத்துக்கும் (column, மேலேருந்து கீழ போற கட்ட வரிசை) பக்கத்துல ஒரு காலி காலம் போடுங்க. பழைய காலம் என்ன ஆனாலும் தொடக்கூடாது, அச்சுல இருந்தது இருந்தபடியே இருக்கட்டும். அலசூர்னு அச்சடிச்சவன் அப்படித்தான் உச்சரிச்சிருக்கான், அது அந்தக் காலத்து பெங்களூர் தமிழுக்கு ஒரு சாட்சி, சீர்திருத்தறேன்னு அத அழிச்சிட்டா திரும்ப வராது. நாம போடற நம்பரும் சீரான பேரும் பக்கத்து காலத்துல.

அடுத்தது எழுத்து. தமிழ் டேட்டால பாதி தொந்தரவு இங்கதான், இங்கிலீஷ் கைடு எதுலயும் இது இருக்காது, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். பதினஞ்சு இருபது வருஷத்துக்கு முன்னாடி டைப் பண்ணின லிஸ்ட் உங்ககிட்ட இருந்தா அது அனேகமா யூனிகோட் இல்ல, பாமினியோ டாபோ டிஸ்கியோ, அந்த ஃபான்ட் இல்லன்னா வெறும் கிறுக்கலாத் தெரியும், மொதல்ல அத கன்வெர்ட்டர்ல போட்டு மாத்துங்க. யூனிகோட்லயே இருந்தாலும் தப்பிச்சோம்னு சொல்ல முடியாது. மௌனம்னு ஒருத்தர் டைப் பண்ணுவாரு, இன்னொருத்தர் ஒற்றைக் கொம்பையும் ள எழுத்தையும் சேத்து மெளனம்னு டைப் பண்ணுவாரு, கண்ணுக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு வேற வேற. ஔவையாரும் ஒளவையாரும் அதே கதை. ஸ்ரீ இருக்கே, அத ஸ எழுத்துல இருந்தும் உண்டாக்கலாம், ஶ எழுத்துல இருந்தும் உண்டாக்கலாம், ஸ்கிரீன்ல ரெண்டும் ஒரே மாதிரி தெரியும், தேடினா ஒண்ணு கிடைக்கும் இன்னொண்ணு கிடைக்காது, கோயில் நோட்டீஸ் எல்லாமே ஸ்ரீல ஆரம்பிக்கும்ங்கறப்போ இது எவ்வளவு பெரிய ஓட்டைன்னு யோசிச்சுப் பாருங்க. ஓ.சி.ஆர். போட்டு, அதாவது ஸ்கேன்ல இருக்கற எழுத்த கம்ப்யூட்டரையே படிக்க வச்சு எடுத்த டெக்ஸ்டா இருந்தா துணைக்காலுக்கு பதிலா ர எழுத்து உக்காந்திருக்கும், பாடல்ங்கறது பரடல்னு வந்திருக்கும். இதெல்லாம் ஃபைண்டு அண்டு ரீப்ளேஸ்ல ஒவ்வொண்ணா சரி பண்ணலாம், ஆனா ர விஷயத்துல மட்டும் மொத்தமா மாத்தாதீங்க, நெஜமான ர எல்லாம் போயிடும், ஒவ்வொரு சொல்லா பாருங்க.

தேதி

பழைய தமிழ் வெளியீடுல 1914னு நேரா போட்டிருந்தா பாக்கியம். சிலதுல தமிழ் எண்ணுல ௲௯௱௰௪னு இருக்கும், அதுவும் 1914தான், ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து, தெரிஞ்சவங்களுக்கு சுலபம். நெறையதுல ஆனந்த வருஷம் தை மாசம்னு மட்டும் இருக்கும். இங்க ரெண்டு எடத்துல சறுக்கும். அறுபது வருஷ சக்கரம்ங்கறதால ஆனந்த வருஷம் 1914ல வந்துச்சு, 1974ல வந்துச்சு, அதுக்கு முன்னாடி 1854ல வந்துச்சு, எந்த சுத்துன்னு பேப்பர், அச்சு, பிரஸ் பேரு, விலை அணாவா பைசாவான்னு பாத்துதான் முடிவு பண்ணணும். ரெண்டாவது, ஆனந்த வருஷம் 1914 ஏப்ரல் நடுவுலதான் ஆரம்பிக்குது, அப்ப தை மாசம்னா அது 1915 ஜனவரி பாதியில இருந்து பிப்ரவரி வரைக்கும். வருஷப் பட்டியல பாத்து 1914னு போட்டீங்கன்னா ஒரு வருஷம் தள்ளிப் போயிடும். மார்கழி நடுவுலயே இங்கிலீஷ் வருஷம் மாறிடும், தை, மாசி, பங்குனி மூணுக்கும் ஒண்ணு கூட்டிக்கணும்.

சரியா தெரியாத தேதிய தெரிஞ்ச மாதிரி எழுதாதீங்க. சுமார் 1930னா 1930க்குப் பின்னாடி ஒரு அலைக்குறி போட்டு 1930~னு எழுத ஒரு முறை இருக்கு, விக்கிடேட்டாலயும் வருஷம் மட்டும், பத்தாண்டு மட்டும்னு துல்லியத்த தனியா சொல்லலாம், சுமார்னு குறிப்பும் சேக்கலாம்.

பேரை கோக்கறது, ஓப்பன்ரிஃபைன்

இதுக்கு ஓப்பன்ரிஃபைன்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர். 2010ல ஃப்ரீபேஸ் கிரிட்வொர்க்ஸ்னு ஆரம்பிச்சு, கூகுள்கிட்ட போய் கூகுள் ரிஃபைன்னு ஆகி, 2012லேருந்து ஓப்பன்ரிஃபைன். பிரவுசர்ல தொறக்கும் ஆனா உங்க கம்ப்யூட்டர்லயேதான் ஓடும், நீங்களா அனுப்பாத வரைக்கும் டேட்டா வெளில போகாது. எது செஞ்சாலும் ஹிஸ்டரில நிக்கும், எத்தன ஸ்டெப் வேணா பின்னாடி போகலாம், புதுசா கத்துக்கறவங்களுக்கு இதுதான் பெரிய தைரியம்.

சி.எஸ்.வி.ய ஏத்தினதும் பேர் காலத்துல கிளஸ்டர்ங்கற வசதிய ஓட்டிப் பாருங்க. கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கற பேரெல்லாம் கொத்து கொத்தா காட்டும், சுப்பிரமணியம், சுப்ரமணியம், சுப்ரமண்யம் எல்லாம் ஒண்ணா வந்து நிக்கும். அதுல ஓசைய வச்சு சேக்கற முறையெல்லாம் இங்கிலீஷ், ஜெர்மன் மாதிரி மொழிக்குப் பண்ணினது, நமக்கு உதவாது, எழுத்து வித்தியாசத்த எண்ணிப் பாக்குற லெவன்ஷ்டீன் முறைதான் தமிழுக்கு ஓரளவு சரியா வருது. ஆனா எல்லாத்தையும் டிக் பண்ணி ஒரே அடியா மெர்ஜ் குடுக்காதீங்க, ராஜுவும் ராஜியும் ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

அப்புறம்தான் ரீகன்சைல். பேர் காலத்த தேர்ந்தெடுத்து விக்கிடேட்டாவோட ஒத்துப் பாருன்னு சொன்னா, ஒவ்வொரு பேருக்கும் இவரா இருக்கலாம், அவரா இருக்கலாம்னு நாலஞ்சு பேர மார்க் போட்டு காட்டும். இந்த சர்வீஸோட முகவரில மொழிக் குறியீட்ட தமிழுக்கு மாத்தி இன்னொரு சர்வீஸா சேத்துக்கலாம், சேத்துக்குங்க, அப்பதான் தமிழ்ப் பேர ஒழுங்கா தேடும். வகை மனிதர்னு குடுத்துடுங்க, இல்லன்னா முருகன்னு தேடினா சாமி, ஊர், சினிமா எல்லாம் வரும். தமிழ்ல கிடைக்காத பேர இங்கிலீஷ் எழுத்துல இன்னொரு காலத்துல எழுதி திரும்ப ஒரு தடவ ஓட்டுங்க, ஏன்னா நம்ம ஆளுங்க பலருக்கு விக்கிடேட்டால தமிழ்ப் பேரே இன்னும் போடல.

நம்ம பேர் வைக்கற முறை இந்த வேலைக்கு ரொம்ப கஷ்டம் குடுக்கும். குடும்பப் பேர் கிடையாது, இனிஷியல்தான், அந்த இனிஷியல் ஊரா அப்பாவான்னு தெரியாது. உ.வே.சா. ஒருத்தரையே எடுத்துக்குங்க, உ. வே. சாமிநாதையர், சாமிநாத அய்யர், சுவாமிநாதய்யர், மகாமகோபாத்தியாயர்னு பட்டத்தோட, கடைசில அவர்கள்னு ஒட்டினது ஒரு வகை, எல்லாம் ஒரே ஆளு. நம்ம ஊர்லயே ஆற்காடு நாராயணசாமி முதலியார், ஆர்.பி.ஏ.என்.எம். பள்ளிக்கூடத்துக்குப் பேர் குடுத்தவர், இங்கிலீஷ்ல நாரைன்சாமின்னு படிக்கற மாதிரி எழுதியிருக்காங்க, தமிழ் நோட்டீஸ்ல நாராயணசுவாமி, சில எடத்துல ராய்பகதூர் முதலியார்னு மட்டும். அதனால ஒவ்வொரு தடவ நீங்க ஒருத்தர சரியா கண்டுபிடிச்சதும் விக்கிடேட்டா பதிவுல போய் வேற பேருங்கற எடத்துல நீங்க பாத்த தமிழ் வடிவத்த எல்லாம் சேத்துட்டு வாங்க. ரெண்டு நிமிஷ வேலை, அடுத்து தேடற நூறு பேருக்கு அது உதவும். மதுரைலயோ யாழ்ப்பாணத்துலயோ இன்னொரு லைப்ரரி இதே வேலைய செய்யும்போது அவங்களுக்கு நேரா மாட்டும்.

இப்ப எங்களுக்கு நடந்த தப்பையும் சொல்லிடறேன். ஆரம்பத்துல மார்க் அதிகமா வந்ததையெல்லாம் தானா ஒத்துக்கற மாதிரி செட் பண்ணிட்டோம். 1914ல அச்சான ஒரு சின்ன பக்திப் புத்தகத்த எழுதின கே. சுப்பிரமணியம், சினிமா டைரக்டர் கே. சுப்ரமணியத்தோட கோத்துக்கிச்சு. அவர் பொறந்ததே 1904. பத்து வயசுப் பையன் எழுதின புத்தகம்னு மூணு மாசம் எங்க சைட்ல நின்னுச்சு, யாரோ ஒரு மாணவர் அத நம்பி எடுத்துப் போயிருந்தா அந்தப் பாவம் எங்களுக்குத்தான். அதுக்கப்புறம் ஒரு வழக்கம் வச்சிருக்கோம். கோத்து முடிச்சதும் அந்த நம்பர் மூலமா பொறந்த வருஷம், இறந்த வருஷம் ரெண்டையும் புது காலமா இழுத்துக்கறோம், ஓப்பன்ரிஃபைன்லயே அதுக்கு வசதி இருக்கு, அச்சான வருஷத்துல இருந்து பொறந்த வருஷத்த கழிச்சுப் பாக்கறோம், பதினஞ்சுக்குக் கீழ வந்தா செவப்பு. இன்னொண்ணு, டிக் போடற எடத்துல ஒத்த டிக், ரெட்டை டிக்னு ரெண்டு இருக்கும். ஒத்த டிக் இந்த ஒரு வரிக்கு மட்டும், ரெட்டை டிக் இதே பேர் இருக்கற எல்லா வரிக்கும். இனிஷியல் ஒண்ணு மட்டும் இருக்கற பேருக்கு ரெட்டை டிக் தொடவே தொடாதீங்க.

சந்தேகமா இருந்தா காலியா விடுங்க. காலியா இருந்தா இன்னொருத்தர் வந்து நிரப்புவாங்க, தப்பா இருந்தா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, சரின்னு நினைச்சுப் போயிடுவாங்க.

ஊர்

ஊர கோக்கறது ஆள கோக்கறத விட சுலபம்னு நினைச்சேன், பெங்களூர்ல அது உண்மையில்ல. கண்டோன்மெண்ட் 1809ல வந்தது. 1881ல மைசூர் ராஜ்யத்த உடையார்கிட்ட திருப்பிக் குடுத்தப்பவும் தண்டுப் பகுதிய மட்டும் பிரிட்டிஷ்காரங்க கைலயே வச்சுக்கிட்டாங்க, சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன்னு, 1947 வரைக்கும். பழைய ஊரான பேட்டையும் தண்டும் ஒரே கார்ப்பரேஷன் ஆனது 1949லதான். அப்ப 1914ல பெங்களூர் தண்டுல அச்சான ஒரு நோட்டீஸ மைசூர் சமஸ்தானம்னு போட்டா தப்பு, கர்நாடகான்னு மட்டும் போட்டாலும் பாதிதான் சரி, அந்தப் பேரே 1973ல வந்தது. நம்ம ஆளுங்க பெரும்பாலும் தண்டுலதான் இருந்தாங்க, அதனால அங்க நடந்த நாடகம், பத்திரிகை, பள்ளிக்கூடம் எதுவா இருந்தாலும் எந்த ஆட்சிக்குக் கீழ இருந்துச்சுங்கறது வரலாறு எழுதறவங்களுக்கு முக்கியம். நாங்க ரெண்டு காலம் வச்சிருக்கோம், இன்னிக்கு இருக்கற எடத்தோட நம்பர் ஒண்ணுல, அன்னிக்கு இருந்த நிர்வாகம் இன்னொண்ணுல.

பேர் மாறின ஏரியாவுக்கு லிஸ்ட் ஒண்ணு தனியா வச்சுக்குங்க. பிளாக்பள்ளி இப்ப சிவாஜிநகர், சவுத் பரேட் இப்ப எம்.ஜி. ரோடு, ஃப்ரேசர் டவுனுக்கு அரசாங்கப் பேர் புலிகேசி நகர். தங்கவயல்ல ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், ஊரிகம், ஒவ்வொண்ணையும் ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதியிருப்பாங்க. 2001ல சுரங்கம் மூடினதுக்கப்புறம் அங்கேருந்து எவ்வளவோ குடும்பம் இங்க வந்து சேந்துச்சு, அவங்க கொண்டு வந்த லெட்டர், போட்டோல எல்லாம் இந்தப் பேருங்கதான் இருக்கு, இத கோத்து வச்சாதான் அந்த ஊர் எங்க இருந்துச்சுன்னு அவங்க பேரப்பிள்ளைங்க ஒரு மேப்ல பாக்க முடியும். கோத்த ஊருக்கெல்லாம் அட்சரேகை தீர்க்கரேகை தானா வந்துடும், மேப்ல போடறது அதுக்கப்புறம் பெரிய வேலையே இல்ல. தெருவுக்கெல்லாம் விக்கிடேட்டால பதிவு இருக்காது, தெருப் பேர எழுத்தா வச்சுக்கிட்டு ஏரியாவோட நம்பர குடுங்க.

விக்கிடேட்டால இல்லாத ஆளுங்க

உங்க கலெக்ஷன்ல பெரும்பாலான பேர் எங்கயும் இருக்க மாட்டாங்க. மர்ஃபி டவுன் அக்காவோட தாத்தா இருக்க மாட்டாரு, நோட்டீஸ் அச்சடிச்ச சின்ன பிரஸ் இருக்காது. இதுக்காகத்தான் நான் இந்த வேலையே செய்யறேன்னு சொல்லலாம், ஏன்னா பெரிய எழுத்தாளருக்கு நாம இல்லன்னாலும் யாராவது பதிவு போடுவாங்க.

மொதல் வேலை, சொந்தமா ஒரு பேர் பட்டியல் வைங்க, ஒவ்வொரு ஆளுக்கும் மாறாத ஒரு நம்பர், உங்க சைட்ல அவருக்குன்னு ஒரு பக்கம், தெரிஞ்ச பேர் வடிவம் எல்லாம், எந்தெந்த ஆவணத்துல வர்றாரு, இத யார் சொன்னது, என்னிக்கு சொன்னது. அந்தக் கடைசி ரெண்டும் ரொம்ப முக்கியம். எங்ககிட்ட ஒரு குரூப் போட்டோ இருந்துச்சு, பேர் எதுவும் இல்ல. எங்க லைப்ரரிக்கு தெனமும் பேப்பர் படிக்க வர்ற பெரியவர்கிட்ட காட்டினேன், தாத்தா இதுல யாரையாவது தெரியுதா பாருங்கன்னு. கண்ணாடிய தொடச்சு மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு, "ரெண்டாவது வரிசைல ஓரத்துல நிக்கிறது எங்க வாத்தியாரும்மா, மத்தவங்கள நெனப்பில்ல, தப்பா சொல்லிடக்கூடாது பாரு"ன்னு சொன்னாரு. அவரு சொன்னத அப்படியே, வாய்மொழித் தகவல், இன்ன தேதின்னு எழுதி வச்சிருக்கேன். மத்தவங்க பேர் காலியாத்தான் இருக்கு.

அந்தப் பட்டியல்ல இருந்து விக்கிடேட்டாவுக்கு எல்லாரையும் கொண்டு போக வேண்டாம், போகவும் கூடாது. அங்க பதிவு போடணும்னா அந்த ஆளையோ அமைப்பையோ தெளிவா அடையாளம் காட்ட முடியணும், பொதுவெளில பாக்கக் கூடிய நம்பகமான ஆதாரம் இருக்கணும். ஒரு நாடக சபா, ஒரு அச்சகம், மலர் ஒண்ணுக்கு ஆசிரியரா இருந்தவர், இவங்களுக்கு உங்க ஸ்கேனையே ஆதாரமா காட்டி பதிவு போடலாம். கல்யாணப் பத்திரிகைல வர்ற பொண்ணு மாப்பிள்ளைய போடாதீங்க. உயிரோட இருக்கறவங்க பொறந்த தேதி, வீட்டு விலாசம் எதுவும் வெளில போகக்கூடாது. ஜாதிப் பேர் விஷயத்துல எங்க முடிவு இது: பேரோட ஒட்டி அச்சாகி இருந்தா மூல வடிவத்துல அப்படியே இருக்கும், ஆனா அதுக்குன்னு தனி காலம் போட்டு, தேடி வடிகட்டற மாதிரி செய்ய மாட்டோம். இதுல மாத்துக் கருத்து உள்ளவங்களும் இருக்காங்க, ஆராய்ச்சிக்கு வேணும்பாங்க, ஆனா அந்தக் குடும்பங்க இன்னும் இதே ஏரியாலதான் வாழறாங்க.

பதிவு நெறைய போடணும்னா குவிக்ஸ்டேட்மெண்ட்ஸ்னு ஒரு டூல் இருக்கு, ஷீட்ல இருந்து மொத்தமா ஏத்தும். புது அக்கவுண்டுக்கு அது உடனே தொறக்காது, நாலு நாளும் அம்பது எடிட்டும் ஆகணும். அது நல்லதுதான், அந்த அம்பதையும் கையால செய்ங்க, பழகிடும். ஒவ்வொரு தகவலுக்கும் ஆதாரம் போடாம விடாதீங்க, ஆதாரமில்லாத வரி அங்க நிக்கறது கஷ்டம்.

திரும்ப வீட்டுக்கு

கோத்தத ஓப்பன்ரிஃபைன்லயே விட்டுட்டா பிரயோஜனம் இல்ல, உங்க கேட்லாக்குக்கு வரணும். இங்க ஒரு நுணுக்கம். விக்கிடேட்டால பிரவுசர் மேல தெரியற பக்க முகவரி வேற, அந்த விஷயத்துக்கான நெஜமான அடையாள முகவரி வேற, நடுவுல விக்கின்னு வந்தா பக்கம், என்டிட்டின்னு வந்தா அடையாளம். சேமிக்க வேண்டியது ரெண்டாவது. பதிவோட டூல்ஸ் மெனுல கான்செப்ட் யூ.ஆர்.ஐ.னு ஒரு லிங்க் இருக்கும், அத காப்பி பண்ணுங்க. கோஹா மாதிரி மார்க் (MARC, லைப்ரரி கேட்லாக் பதிவுக்கான வடிவம்) வடிவத்துல வச்சிருக்கறவங்க விக்கிடேட்டா முகவரிய $1ங்கற உட்பகுதிலயும், லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் முகவரிய $0ங்கற உட்பகுதிலயும் போடணும். ஒமேகா எஸ் வச்சிருந்தா வேல்யூ சஜெஸ்ட்னு ஒரு மாட்யூல் போட்டுக்குங்க, பேர் டைப் பண்ணும்போதே நம்பரோட வந்து நிக்கும், புதுசா வர்றதுக்கு இந்த வேலையே மிச்சம்.

சர்ச்லயும் ஒரு மாத்தம் செய்யணும், நம்பர் வழியா வர்ற மத்த பேர் வடிவங்க எல்லாத்தையும் சர்ச் இண்டெக்ஸ்ல சேக்கச் சொல்லி உங்க சைட் பண்ணவர்கிட்ட கேளுங்க. இத செஞ்ச அன்னிக்குத்தான் அல்சூர்னு அடிச்சதும் மூணு நோட்டீஸும் வந்துச்சு. விசிட்டர் ரெஜிஸ்டர்ல நம்பர் பாத்து அந்த அக்காவுக்கு போன் பண்ணினேன், மறுநாளே அவங்க அம்மாவையும் கூட்டிட்டு வந்தாங்க. நோட்டீஸ்ல நடிகர் பட்டியல்ல நாலாவது பேரா அவரு இருந்தாரு. அவங்க அம்மா அந்த எழுத்து மேல வெரல வச்சுக்கிட்டே ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க.

இன்னொரு உபயோகம், காப்பிரைட். இந்தியச் சட்டப்படி எழுதினவர் இறந்த வருஷம் முடிஞ்சு அறுபது வருஷம் வரைக்கும் உரிமை இருக்கு. 1942ல இறந்தவர்னா 2003 ஜனவரி 1லேர்ந்து பொதுச்சொத்து. ஆசிரியர கோத்துட்டா இறந்த வருஷம் தானா வந்துடுது, எந்த ஸ்கேன முழுசா தொறந்து விடலாம், எத உள்ளயே வச்சுக்கணும்னு ஒரே வடிகட்டல்ல பிரிச்சுடலாம், சந்தேகமானத மட்டும் வக்கீல்கிட்ட கேட்டா போதும். தகவல் பட்டியல நீங்க சி.சி. ஜீரோன்னு வெளியிடுங்க, ஸ்கேன் பண்ணின படத்துக்கான உரிமை வேற கணக்கு, ரெண்டையும் கலக்காதீங்க.

விக்கிடேட்டால கேள்வி கேக்கறதுக்கு ஸ்பார்க்கிள்னு ஒரு மொழி இருக்கு, கத்துக்கிட்டா நல்லது, பயமா இருந்தா குவெரி பில்டர்னு கட்டம் கட்டமா நிரப்பற பக்கம் இருக்கு, பெங்களூர்ல இறந்த, தமிழ்ல எழுதின, 1965க்கு முன்னாடி போனவங்க யாருன்னு கேட்டா பட்டியல் வரும். ஒரு கேள்விக்கு அறுபது செகண்டுதான் டைம், அதுக்குள்ள முடியலன்னா நின்னுடும், சின்னச் சின்னதா பிரிச்சுக் கேளுங்க.

கடைசியா, பராமரிப்பு. விக்கிடேட்டால ரெண்டு பதிவு ஒரே ஆளுன்னு தெரிஞ்சா ஒண்ணா சேத்துடுவாங்க, பழைய நம்பர் புதுசுக்கு திருப்பி விடும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவ உங்க நம்பரெல்லாம் ஓப்பன்ரிஃபைன்ல திரும்ப ஓட்டி மாறினத புதுப்பிச்சுக்குங்க. அதவிட முக்கியம் உங்க பக்கத்து முகவரி. நாங்க சைட்ட புதுசா மாத்தினப்போ பழைய லிங்க் எல்லாம் செத்துப் போச்சு, விக்கிடேட்டால ஆதாரமா குடுத்திருந்த எங்க பக்கங்க அத்தனையும் காணோம்னு வந்துச்சு, ஒவ்வொண்ணா திருத்த ரெண்டு மாசம் ஆச்சு. அதனால கோக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சைட் பண்றவர்கிட்ட உக்காந்து பேசி, சாஃப்ட்வேர் எது மாறினாலும் ஒவ்வொரு ஆவணத்தோட முகவரி மாறாதுன்னு எழுதி வாங்கிக்குங்க, டொமைன் பணம் எந்த மாசம் கட்டணும், யார் கட்டறதுங்கறத லைப்ரரி நோட்டீஸ் போர்டுலயே ஒட்டி வைங்க.